கொழும்பில் கலியாண வீடியோவுக்கு ஆள் பிடிப்பது எப்படி

நாள் குறித்தாயிற்று, மண்டபம் பதிந்தாயிற்று, ஐயரிடமும் சொல்லியாயிற்று என்றால் அடுத்த வேலை வீடியோக்காரரைப் பிடிப்பதுதான். சோடனை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம். ஆடியையும் மார்கழியையும் கழித்துவிட்டால் நல்ல முகூர்த்த நாட்கள் கொஞ்சம்தான், அதிலும் லீவு பார்த்து எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்பார்கள், ஆகவே தையிலோ வைகாசியிலோ ஆவணியிலோ ஒரு நல்ல ஞாயிறு வந்தால் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் ஒரே நேரத்தில் பல மண்டபங்களில் கெட்டிமேளம் கேட்கும். கை தேர்ந்த கமராக்காரர் ஒருவரால் அவற்றில் ஒரு மணவறைக்கு முன்னால்தான் நிற்க முடியும். அதனால் நாள் குறித்த கிழமையே தேடத் தொடங்குங்கள்.

எல்லாரும் இன்ஸ்டகிராமில்தான் தேடுகிறார்கள், தேடுவதில் பிழையும் இல்லை. ஆனால் ஒரு நிமிட ரீலைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் எந்தக் கலியாணமும் வடிவாகத்தான் இருக்கும். மெதுவாக நகரும் மாலை, பின்னால் ஒரு பாட்டு, மருதாணிக் கை, முடிந்துவிடும். உங்களுக்கு வரப்போவது மூன்று மணிநேரப் படம். அந்த மூன்று மணிநேரத்தையும் அவர் எப்படிக் கையாளுவார் என்பது ரீலில் தெரியாது. எனவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "தம்பி, நீங்கள் கடைசியாக எடுத்த ஒரு சைவக் கலியாணத்தின் முழு வீடியோவையும் பார்க்கலாமா?" அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்பவர் நல்ல ஆள். முழுதாக எதையுமே காட்ட முடியாது என்பவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

முழு வீடியோ கிடைத்ததும் நேராகத் தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஒருவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்பது அங்கே தெரிந்துவிடும். எங்கள் முறையில் அந்த இடம் எப்படி நடக்கிறது என்று யோசியுங்கள். கன்னிகாதானம் முடிந்து பெண் கூறைச் சேலை மாற்றப் போகிறாள். தாலித் தட்டு சபையில் ஆசீர்வாதத்துக்காகச் சுற்றி வருகிறது. பெண் கூறையோடு திரும்பி வந்து மாப்பிள்ளைக்கு மாலை போட்டு உட்காருகிறாள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், மாப்பிள்ளை எழும்புகிறார், தோழி கூந்தலையும் மாலையையும் விலக்கிப் பிடிக்கிறாள், தவில் உச்சத்துக்குப் போகிறது, நாலு பக்கத்திலிருந்தும் அறுகரிசி பறக்கிறது. முடிச்சு விழுவது சில விநாடி. அந்தச் சில விநாடிக்குள் ஒரு கமரா பெண்ணின் முகத்தில் இருக்க வேண்டும், இன்னொன்று பக்கவாட்டிலோ பின்னாலோ நின்று கையையும் முடிச்சையும் பிடிக்க வேண்டும். ஒரே கமரா என்றால் இரண்டில் ஒன்று போய்விடும். எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணத்தில், பேர் சொல்ல விரும்பவில்லை, தாலி கட்டும் இடம் முழுக்க ஒரு மாமாவின் முதுகும் அவர் தூக்கிப் பிடித்த போனும்தான் பதிவாகியிருந்தது. பெண்ணின் தாய் அந்த இடம் வரும்போதெல்லாம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். காசு திரும்பக் கிடைக்கலாம், அந்த விநாடி கிடைக்காது.

பெண் கூறை மாற்றப் போகும் அந்த இடைவெளியில் அவர் என்ன எடுத்திருக்கிறார் என்றும் கவனியுங்கள். சில நேரம் அரை மணித்தியாலம் கூட ஆகும். சரியான ஆள் அந்த நேரத்தில் சபைக்குள் இறங்கி அம்மம்மாவை, முன்வரிசையில் இருக்கும் பெரியப்பாவை, தாலித் தட்டைத் தொட்டுக் கும்பிடும் கைகளை எடுத்திருப்பார். வேலையை முடிக்க மட்டும் வந்தவர் என்றால் அந்த இடம் வெட்டப்பட்டு நேராகக் கூறையோடு பெண் வந்து நிற்பாள்.

அடுத்தது, அன்றைக்கு நேரில் வந்து நிற்கப்போவது யார் என்பது. இது கொழும்பில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. பிஸியான நாளில் ஒரே ஸ்டூடியோ மூன்று கலியாணம் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆட்களை ஒன்றுக்கு அனுப்பிவிட்டு மற்ற இரண்டுக்கும் வெளியில் நாட்கூலிக்கு ஆள் பிடிப்பது சாதாரணமாக நடக்கும். அது களவு இல்லை, தொழில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நீங்கள் பார்த்து விரும்பிய படத்தை எடுத்தவரே வருவாரா என்று பெயரோடு கேட்டு, பெயரோடு எழுதி வாங்குங்கள். எடிட் செய்வது யார் என்றும் கேளுங்கள். எடுத்தவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர் என்றால், சடங்கு தெரியாத எடிட்டர் ஏழடி எடுத்து வைப்பதை நாலடியில் நிறுத்திவிடுவார்.

கொழும்பில் நல்ல வீடியோக்காரர் நிறையப் பேர் சிங்களவர்கள். கமராவும் வெளிச்சமும் அவர்களுக்கு நன்றாகக் கைவரும், ஆனால் அவர்கள் அதிகம் பழகியது சிங்களக் கலியாணத்துப் போருவச் சடங்கு. எங்கள் கலியாணத்தில் எந்த இடம் முக்கியம், எது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிய நியாயம் இல்லை. அப்படியானவரைப் பிடித்தால் பயப்படத் தேவையில்லை, இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ஐயரிடம் கேட்டு சடங்குகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மாப்பிள்ளை அழைப்பு, கன்னிகாதானம், கூறை கொடுத்தல், மாலை, தாலி, கோதரிசனம், பொரி இடுதல், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், கணையாழி எடுத்தல், ஆசீர்வாதம். வரிசை ஐயருக்கு ஐயர் கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் ஐயரிடமே கேளுங்கள். இரண்டு, சிங்களமும் சடங்கும் தெரிந்த ஒரு மச்சானையோ சித்தப்பாவையோ அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். "இப்போ தாலி வரப்போகுது, பின்னால் போங்கோ" என்று ஒரு நிமிடம் முந்திச் சொல்ல ஒரு ஆள் இருந்தாலே பாதிப் பிழை வராது. தமிழ் வீடியோக்காரர் என்றாலும் இந்தத் தாள் உதவும். மலையகத்துக் குடும்பத்து முறையும் யாழ்ப்பாணத்து முறையும் ஒன்றில்லை. கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ தேவாலயக் கலியாணம் என்றால் பாதரிடம் முதலிலேயே கேளுங்கள், பீடத்துக்குப் பக்கத்தில் கமராவோடு போக எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் கமராக்காரர் வேண்டும், அப்படியானவர்கள் குறைவு, ஆகவே இன்னும் முந்தியே பதிய வேண்டும்.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கை மறந்துவிடாதீர்கள். பேக்கேஜ் என்று சொல்லி விலை சொல்லும்போது கலியாண நாளையும் ரிசெப்ஷனையும்தான் கணக்கில் எடுப்பார்கள். பொன்னுருக்கு சில நாட்களுக்கு முந்தி மாப்பிள்ளை வீட்டில் நடக்கும், பெரும்பாலும் ஒரு ஃபிளாட்டின் சின்ன ஹோலுக்குள். பெண் அதைப் பார்ப்பதில்லை, பிறகு வீடியோவில்தான் பார்ப்பாள். அதனாலேயே அது ஒழுங்காகப் பதிவாக வேண்டும். ஆசாரியார் நெருப்பை ஊதி நாணயத்தை உருக்குவதையும், உருகிய தங்கம் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் போவதையும் ஒரு கமராவும் அகலமான லென்ஸும் இருந்தால் எடுத்துவிடலாம், பெரிய டீம் தேவையில்லை. அதற்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், சத்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உண்மையில் கலியாண வீடியோக்களில் அதிகம் பழுதாவது சத்தம்தான். மணவறைக்குப் பக்கத்திலேயே நாதஸ்வரமும் தவிலும் இருக்கும், கமராவில் இருக்கும் மைக்கை மட்டும் நம்பினால் கெட்டிமேளம் வரும்போது கரகரவென்று கிழியும், ஐயரின் மந்திரம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்கும். வயர்லெஸ் மைக் ஒன்றை ஐயரின் சால்வையில் குத்துவீர்களா, மண்டபத்து மிக்சரிலிருந்து லைன் எடுப்பீர்களா, தனி ரெக்கோடர் வைப்பீர்களா என்று கேளுங்கள். மாப்பிள்ளை மேல்சட்டை இல்லாமல் இருந்தால் அவரில் மைக் குத்த வசதி இல்லை, அதைத் தோழனின் சால்வையில் குத்தலாம், அவர் பக்கத்திலேயே இருப்பார். இந்தக் கேள்விக்கு வீடியோக்காரர் உடனே பதில் சொன்னால் அவர் ஏற்கெனவே அடிபட்டுப் படித்தவர். "அதெல்லாம் எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கவனம், கிழிந்த சத்தத்தை எடிட்டில் ஒட்ட முடியாது. ரிசெப்ஷனில் அப்பா பேசும் நாலு வசனத்துக்கும் இது பொருந்தும்.

வெளிச்சம் மண்டபத்துக்கு மண்டபம் மாறும். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் எடுத்துப் பழகியவர் கோல்ஃபேஸ் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனால் எல்லாம் வேறு. அதனால் உங்கள் மண்டபத்தில் முன்பு எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள். மணவறைக்குப் பின்னால் எல்ஈடி திரை வைக்கிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு ஏற்றபடி கமராவின் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைக்காவிட்டால் மலிவான எல்ஈடி விளக்குகள் படத்தில் துடிக்கும். திரையை மட்டும் அன்றைக்கு நேரில் சோதித்துத்தான் சரிசெய்ய வேண்டும். சில ஹோட்டல்களில் வெளியிலிருந்து வரும் வீடியோக்காரருக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது யார் தலையில் என்பதையும் முதலே பேசித் தீருங்கள்.

போட்டோக்காரரும் வீடியோக்காரரும் வேறு வேறு ஆட்கள் என்றால் கலியாணத்துக்கு முதல் அவர்கள் இருவரையும் ஒருதரம் கதைக்க வையுங்கள். யார் எங்கே நிற்பது என்று அங்கே முடிவெடுக்கத் தொடங்கினால் ஒருவரின் படத்தில் மற்றவர் நிற்பார். ஒரே ஸ்டூடியோ என்றால் இந்தத் தலையிடி குறைவு.

இனி நேரலை. லண்டனிலும் டொரொன்டோவிலும் பாதிச் சொந்தம் இருக்கும் எங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. லீவு கிடைக்காத அண்ணாவும் பயணம் செய்ய முடியாத அப்பப்பாவும் அந்தத் திரையில்தான் கலியாணம் பார்க்கப்போகிறார்கள். ஆவணியில் காலை 9 மணி முகூர்த்தம் என்றால் லண்டனில் விடிய 4.30, டொரொன்டோவில் முதல் நாள் இரவு 11.30, சிட்னியில் மதியம் 1.30. அந்த நேரத்தில் முழித்திருந்து பார்ப்பவர்களுக்குத் தாலி கட்டும்போது திரை உறைந்து நிற்கக்கூடாது. ஆகவே மண்டபத்தின் வைஃபையை நம்பாதீர்கள், விருந்தாளிகள் வந்து நிறைந்ததும் அது படுத்துவிடும். கேபிள் இணைப்புக் கிடைக்குமா என்று மண்டபத்தில் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு வேறு நிறுவனத்து ரூட்டர்கள் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒன்று விழுந்தால் மற்றது. 1080 தரத்தில் அனுப்பப் பதிவேற்ற வேகம் 6 எம்பிபிஎஸ் அளவு தேவை, அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. அதை மண்டபத்தில், கலியாணம் நடக்கும் அதே நேரத்தில், முதல் நாளே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் விடும்போது சினிமாப் பாட்டு ஓடினால் பதிப்புரிமை என்று சத்தத்தை அமத்திவிடும், சில நேரம் நேரலையையே நிறுத்திவிடும். யூடியூபில் அன்லிஸ்டட் லிங்க் எடுத்து வட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு மட்டும் அனுப்புவது நல்லது, நகையும் வீட்டு ஆட்களும் ஊர் முழுக்கத் தெரியாது. அங்கேயும் பாட்டுக்கு இதே சிக்கல் உண்டு, ஆகவே சடங்கு முடியும்வரை மேளமும் மந்திரமும் மட்டும் போகட்டும்.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிந்த ட்ரோனா, அந்த இடத்தில் பறக்க அனுமதி எடுப்பாரா என்று கேளுங்கள். கோட்டை, கோல்ஃபேஸ் பக்கம் பாதுகாப்பு இடங்கள் நிறைய, இரத்மலானைப் பக்கம் விமான நிலையம். "ஒரு நிமிடம்தான், யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று சொல்பவரோடு கலியாண நாளில் பொலிஸுக்கு அலைய உங்களுக்கு நேரம் இருக்காது. மண்டபத்துக்குள் நடக்கும் கலியாணத்துக்கு ட்ரோன் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, அந்தக் காசுக்கு இன்னொரு கமராக்காரரைப் போடுங்கள்.

விலை கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை ஆள், எத்தனை மணிநேரம், நேரம் கூடினால் எவ்வளவு, என்னென்ன கையில் தருவார், எப்போது தருவார் என்று பிரித்துக் கேட்டால்தான் இரண்டு பேரின் விலையை ஒப்பிட முடியும். மலிவாகத் தெரிகிற விலையில் நேரலையும் பொன்னுருக்கும் இல்லாமல் இருக்கும். பேசி முடிந்ததும் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று அவரிடமிருந்து பதில் வாங்கிவிடுங்கள். இப்படி ஒன்று போதும்:

"தம்பி, நாங்கள் கதைத்தபடி: ஆவணிக் கலியாணம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம். வீடியோ கமரா இரண்டு, நீங்களும் உங்கள் தம்பியும் நேரில் வருவீர்கள். காலை 5 மணிக்குப் பெண் வீட்டில் தொடங்கி ஆசீர்வாதம் முடியும் வரை, பின்னேர ரிசெப்ஷன், கலியாணத்துக்கு முந்தின கிழமை பொன்னுருக்கு. ஐயருக்கு மைக். யூடியூப் நேரலை. மாப்பிள்ளை வெளிநாடு திரும்ப முதல் ஐந்து நிமிட ஹைலைட், இரண்டு மாதத்துக்குள் முழு வீடியோ, வெட்டாத பதிவும் ஹார்ட் டிஸ்க்கில். எங்களைக் கேட்காமல் இன்ஸ்டகிராமில் போட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இப்போது, ஒரு பங்கு கலியாணத்தன்று, மிச்சம் திருத்திய முழு வீடியோ கையில் வந்ததும்."

இதில் கடைசி வரியை விட்டுக்கொடுக்க வேண்டாம். முழுக் காசையும் கலியாணத்தன்றே கொடுத்துவிட்ட வீடுகளின் வேலை எடிட்டரின் மேசையில் அடிக்குப் போய்விடும், அடுத்த முகூர்த்தத்தில் கலியாணம் செய்தவர்களின் வேலை மேலே வந்துவிடும். மாப்பிள்ளை பிரித்தானியாவுக்கோ கனடாவுக்கோ திரும்புகிறவர் என்றால் இன்னொன்று: துணையைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்குக் கலியாணப் படங்களைச் சாட்சியாகச் சேர்ப்பார்கள். எழுத்து வைக்கும் இடத்தில், பதிவாளர் முன்னால் இருவரும் கையெழுத்திடுவது தெளிவாக எடுக்கப்பட வேண்டும், அதன் பிரதி கலியாணம் முடிந்த முதல் கிழமையே கைக்கு வரவேண்டும். ஆல்பத்துக்குப் படம் தெரிவுசெய்வதையும் அவர்கள் விமானம் ஏற முதலே முடித்துவிடுங்கள், பிறகு நேர வித்தியாசத்தில் மாதக்கணக்காக இழுபடும்.

கலியாண நாளில் அவர்களுக்குச் செய்ய வேண்டியவை சின்னவை. விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார்கள், முதல் பந்தியிலேயே மாறி மாறி உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள், யாராவது ஒருவரிடம் அதைப் பொறுப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். எடுத்தே ஆக வேண்டிய பெரியவர்களின் பெயர்களை, அவர்களை யார் காட்டித் தருவார் என்பதோடு எழுதிக் கொடுங்கள். அம்மம்மாவை ஒரு அமைதியான மூலையில் இருத்தி, பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி ஒரு நிமிடம் எடுங்கள். எந்த ஹைலைட்டை விடவும் பின்னாட்களில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் வீடு தேடும். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி, "இரண்டு நிமிடம் எல்லாரும் இருந்த இடத்தில் இருந்து பாருங்கோ, போனைக் கீழே வையுங்கோ" என்று ஒலிபெருக்கியில் சொல்ல, சபை மதிக்கிற ஒரு பெரியவரைப் பிடியுங்கள். வீடியோக்காரர் சொன்னால் மாமாமார் கேட்கமாட்டார்கள்.

பதிவு பத்திரம். இரண்டு கார்ட்டில் ஒரே நேரத்தில் பதியும் கமராவா என்று ஆள் பிடிக்கும்போதே கேட்டிருக்க வேண்டும், கார்ட் பழுதாவது அரிது, ஆனால் உங்கள் கலியாணத்தில் பழுதானால் அரிது என்பது ஆறுதல் இல்லை. 4கே தரத்தில் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி அளவு வரும், இரண்டு கமரா ஐந்து மணிநேரம் என்றால் 450 ஜிபி. ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்து வெட்டாத பதிவை அதில் கேளுங்கள். இன்னொரு பிரதியை வெளிநாட்டில் உள்ள ஒருவர் கொண்டுபோகட்டும், ஒரே வீட்டில் இரண்டையும் வைக்க வேண்டாம். முழு வீடியோவை எச்.264 என்ற பதிவு முறையில் தரச் சொல்லுங்கள், புதிய எச்.265 கோப்பு அம்மா வீட்டுப் பழைய டிவியில் ஓடாமல் போகலாம்.

முதல் பிரதி வந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு இருந்து முழுக்கப் பாருங்கள், தவறவிட்ட முகமும் மாறிப்போன சடங்கு வரிசையும் அவர்கள் கண்ணில்தான் படும். திருத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல், நிமிடம் விநாடியோடு ஒரே பட்டியலாக ஒரு கிழமைக்குள் அனுப்புங்கள். எத்தனை தரம் இலவசமாகத் திருத்துவார் என்பதையும் முன்பே எழுதியிருந்தால் அந்த நேரம் முகம் சுழிக்க வேண்டி வராது. திருத்திய பிரதி கைக்கு வந்து, டிவியில் போட்டுப் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.